முருகனுக்கு அரைப்பேர், ராகலைக்குக் கோவா

தர்ஷினி, கபிலன், இரண்டு பேரும் கேளுங்கள். பள்ளிக்கூட விவாதத்துக்கு ஒரு தலைப்பு என்று போன கிழமை சாப்பிடும்போது சண்டை பிடித்தீர்களே: சாமியை வைத்துச் சிரிப்பதும், ஒரு கூட்டத்து மனிதர்களை வைத்துச் சிரிப்பதும் ஒன்றா, வேறா? நான் வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவனுக்கு விவாதமெல்லாம் வராது. ஆனால் இந்தத் தலைப்பில் என்னளவு மானம் போனவன் இந்த மலையில் வேறு யாரும் இருக்க முடியாது. அதனால் எழுதித் தருகிறேன்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நுவரெலியாப் பக்கத்து எடம்டா" என்று சொல்லி உங்கள் அப்பாயி ஒரு போட்டோ கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அந்தப் போட்டோ என் சட்டைப் பையில்தான் இருந்தது. (சட்டையைத் துவைக்கப் போடும்போது மட்டும் தலையணைக்கு அடியில்.) அந்த இடம் அமையாவிட்டால் சாமியாராகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

வட்டகொடைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் மைக் என் கையில்தான் இருக்கும். என் குரல் நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை. மைக்கைக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்பதால் விட்டுவிட்டார்கள். அந்த வருடம் மழையில் தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. "கூட்டம் கலையாம எதையாச்சும் பேசிக்கிட்டு இரு" என்றார் கோயில் தலைவர். அவர் செய்த தப்பு அது.

நான் பெரட்டு எடுக்க ஆரம்பித்தேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுத்தான். ஆனால் நான் கூப்பிட்டது சாமிகளை, அதுவும் எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவின் குரலில்.

"பிள்ளையாரு! என்னங்க, வந்ததுல இருந்து ஒக்காந்தே இருக்கீங்க? எலி ஏறி கொழுந்து எடுக்குமா, நீங்க ஏறுவீங்களா?"

சிரிப்பு.

"முருகன்! ஏன்யா இவ்வளவு நேரம்? ரெண்டு வீட்டுலயும் தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றீங்களா? பிந்தி வந்தா அரைப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். அதை வாங்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. முருகனுக்கே அரைப்பேர் என்றதும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"ஆறு மொகம் இருக்குங்க, ஆறு பேரு போடுங்க!" என்று ஓர் அக்கா கீழேயிருந்து கத்தினார்.

"மொகத்துக்கு இல்லம்மா, கிலோவுக்குத்தான் பேரு!"

பூசாரி மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் சிரிப்பதைத் தோள் காட்டிக்கொடுத்தது. தேத்தண்ணிக் கடை காதர் நானா, "தம்பி, எங்க பக்கம் வந்துறாதீங்க!" என்று கையை ஆட்டினார்.

"வரமாட்டேன் நானா! எங்க வீட்டு ஆளுங்களத்தான் ஏசுவேன்!"

கைதட்டல். பார்த்தீர்களா, எவ்வளவு புத்திசாலி உங்கள் அப்பா! அந்தப் புத்தி அந்த இடத்தோடு தீர்ந்துவிட்டது.

சாமிகளும் தீர்ந்துபோனார்கள். சக்கரமோ இன்னும் சேற்றில். ராகலையிலிருந்து ஒரு வேன் வந்திருப்பதாக யாரோ சொன்னது காதில் விழுந்தது. ராகலை என்றாலே குளிர், மரக்கறித் தோட்டம், லீக்ஸ், கோவா (சினிமாவில் முட்டைக்கோஸ் என்பார்களே, அதுதான்). போதாதா?

"ராகலைக்காரங்கள எப்பிடிக் கண்டுபுடிக்கிறது? கிட்ட வந்தாலே லீக்ஸ் வாசம் அடிக்கும்! மொய் வைக்கச் சொன்னா கோவா மூட்டைய எறக்குவாங்க! அங்க பொண்ணு பாக்கப் போனா பொண்ணு எது, கோவா எதுன்னே தெரியாது. ரெண்டும் குளிருக்கு அடுக்கடுக்கா சுத்திக்கிட்டு இருக்கும்!"

எங்கள் தோட்டம் சிரித்தது. பந்தல் ஓரத்தில் ஒரு நாலைந்து பேர் மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு பெண். சுவெட்டருக்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் சால்வை. முகம் என் சட்டைப் பையில் இருந்த முகம். பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். அவர் தோளில் ஒரு மூட்டை. மூட்டையின் வாயிலிருந்து ஒரு கோவா என்னை எட்டிப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மாப்பிள்ளை குடிகாரனா, சண்டைக்காரனா என்று தெரிந்துகொள்ள, திருவிழாவுக்கு வருவதுபோலச் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். வாயாடியா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மைக்கே சொல்லிவிட்டது.

"டேய், மைக்க வைடா பாவி! பொண்ணு வீட்டுக்காரங்கடா!" உங்கள் அப்பாயி என் காதில் சொன்னது மைக் வழியாக மூன்று மலைக்குக் கேட்டது.

இறங்கி ஓடினேன். உங்கள் தாத்தா மூட்டையை மெதுவாகத் தரையில் வைத்தார். "எறக்கிட்டோம் தம்பி. மொய் இல்ல. ஒங்க வீட்டுக்குன்னு கொண்டாந்தோம்" என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். லீக்ஸ் வாசம் அடிக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

"சும்மா பகிடிக்கு மாமா... சாமியவே பேசுனேன், சாமியே கோவிக்கல..."

பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது. "சாமிக்குப் பெரட்டு எடுத்தீங்க, நானும்தான் சிரிச்சேன். முருகன் எங்களுக்கும் வீட்டு ஆளு. ஒங்க பேச்சால அவருக்கு ஒண்ணும் கொறையாது. எங்கப்பா விடியக் காலையில பனியில நின்னு வெட்டுன கோவாங்க இது. அவரு ஒங்கள என்ன செஞ்சாரு?"

நான் தலையைக் குனிந்தேன்.

"இந்தப் பேச்சுக்கு ஒங்களுக்கு அரைப்பேருகூட கெடையாது. வீட்டுக்குப் போங்க!"

மொத்தத் தோட்டமும் வெடித்துச் சிரித்தது. முருகனுக்குச் சிரித்ததைவிட அதிகமாக. காதர் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நல்லவேளை, அவர் பக்கம் நான் போகவில்லை. போயிருந்தால் அவர் சாமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நானாவுக்குத்தான் வலித்திருக்கும். அதுவும் ராகலைக் கதைதான். விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பேர் முன்னால் என்னை ஏசியவள் என்னை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். "ஏசும்போது திருப்பிப் பேசாம நின்னீங்களே, அதான்" என்கிறாள். (அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.) நான் பிந்தி வந்தால் "இன்னைக்கு அரைப்பேரு" என்று அரைக் கோப்பை தேத்தண்ணி தருகிறாளே, அதன் கதை இதுதான். தாத்தா ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கோவாவை என் முன்னால் வைத்து, "மாப்பிள்ள, எது பொண்ணுன்னு தெரியுதுங்களா?" என்று கேட்பதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. மறுநாள் காலை பெரட்டுக்கு முன்னால் தனியாகக் கோயிலுக்குப் போனேன். முருகன் முன்னால் நின்று, "ஒங்களுக்கு முழுப்பேருங்க" என்றேன். பிறகு ராகலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட நினைத்தேன். ஒரே பனிமூட்டம். ராகலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதனால் கையைக் கூப்பியபடி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன்.