ஓய்வெடுத்த மண்ணும் ஒரு ஜீன்ஸ் பையும்

மனித குலம் தீயைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 1988-ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டு மாடியில், எந்த உயிருக்கும் தீங்கு செய்யாத பெண்கள் ஜீன்ஸைக் கண்டுபிடித்தது. அந்தப் பெருமை முழுவதும் 'புண்ணியம் ஆடையக' நிறுவனர் விஸ்வலிங்கத்தையே சேரும். முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக, அதாவது கிராணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தும் கையை மட்டும் ஓய்வு பெற விடாதவர்.

அந்த ஜீன்ஸின் பருத்தி சாதாரணப் பருத்தியன்று. இரசாயன உரம் அறியாதது. பூச்சிமருந்தின் முகத்தில் விழிக்காதது. அது விளைந்த மண்ணுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை முழு ஆண்டு ஓய்வு. "மண்ணும் களைச்சுப்போகும் பாருங்கோ" என்று சொல்லும்போதே விஸ்வலிங்கத்தின் கண்கள் கலங்கும்.

ஒவ்வொரு ஜீன்ஸின் முன்பைக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். 'இதை நான் மகிழ்ச்சியுடன் தைத்தேன்' என்ற வாசகம். கீழே தைத்தவளின் கையெழுத்து. அதற்கும் கீழே 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று விஸ்வலிங்கத்தின் ஊதா முத்திரை.

மகிழ்ச்சியில் முதலிடம் தையல்காரி உர்சுலாவுக்கு. நாளொன்றுக்கு இருபது முறை மகிழ்ந்து வந்தாள். அப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசை முன் வந்து நின்றாள்.

"சார், வர்ற சனிக்கிழமை நாலு மணிக்குத் தங்கச்சி பிரிஜட்டுக்குக் கல்யாணம், செம்பவாங் மாதா கோவில்ல. அம்மா இல்ல, நான்தான் முக்காடு போட்டு விடணும். மூணு மணிக்கு விட்டீங்கன்னா பஸ் பிடிச்சுப் போயிடுவேன்."

விஸ்வலிங்கம் திடுக்கிட்டார். அதே சனிக்கிழமை இரண்டு மணிக்கு, ஆர்ச்சர்ட் சாலை ஹோட்டலில் ஜீன்ஸ் அறிமுக விழா. ஆறு மணிவரை மேடையில் 'மகிழ்ச்சியான தொழிலாளி'யாக வீற்றிருக்கவேண்டியவள் இவள்.

"பிள்ளை, நேற்று மட்டும் இருபது அட்டையில மகிழ்ச்சி எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறாய். மகிழ்ச்சியா இருக்கிற ஆளுக்கு லீவு எதுக்கு? ஒண்டில் அட்டை பொய், இல்லாட்டி லீவு பொய்."

"மண்ணுக்கு ஒரு வருஷம் லீவு குடுக்குறீங்க சார். எனக்கு ஒரு மத்தியானம் லா."

"மண் வாயைத் திறந்து கேட்டதோ? கேக்காதபடியால்தான் குடுத்தது."

துணி வெட்டிக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அந்தோனி பலமாக இருமினார். விஸ்வலிங்கம் சற்றே இரங்கி, "சரி, எழுத்தில தா" என்றார்.

"பேப்பர் குடுங்க சார்."

"பேப்பரோ? மரம் என்ன பாவம் செய்தது? அட்டையின்ர பின்பக்கம் சும்மாதானே கிடக்கு, அதில எழுது."

உர்சுலா எழுதினாள். மாலையில் அன்றைய அட்டைகளோடு அதுவும் அவர் மேசைக்கு வந்தது. தாளைத் திருப்பிப் பார்த்து அரசாங்க நேரத்தை வீணாக்கினார் என்று முப்பது ஆண்டுகளில் ஒருவரும் அவரைக் குறைகூறியதில்லை. டப், டப், டப். அட்டைகள் பைகளுக்குள் போயின. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் உர்சுலா கேட்டாள். "பரிசீலனையில கிடக்கு" என்றார் அவர். அது ஒரு ஜீன்ஸின் பையில் கிடந்தது.

சனிக்கிழமை வந்தது. மேடையில் உர்சுலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மகிழ்ச்சியாக இருந்தாள். மண்ணின் ஓய்வைப் பற்றி விஸ்வலிங்கம் முக்கால் மணி நேரம் ஓய்வின்றிப் பேசினார். பிறகு காத்தோங் மாதர் சங்கத் தலைவி இராசமலர் முதல் ஜீன்ஸைப் பெற்றுக்கொண்டு, பையிலிருந்த அட்டையை எடுத்து ஒலிபெருக்கி முன் வாசித்தார்.

"'இதை நான் மகிழ்ச்சியுடன் தைத்தேன். உர்சுலா.' எவ்வளவு நல்ல பிள்ளை! பின்னாலயும் ஏதோ எழுதிக் கிடக்கு... 'ஐயா, சனிக்கிழமை நாலு மணிக்கு என் தங்கைக்குத் திருமணம். மூன்று மணிக்கு என்னை அனுப்பி வைக்க வேண்டுகிறேன். வாய்மொழியாகக் கேட்டு ஆயிற்று.'"

விஸ்வலிங்கத்தின் முகம் முத்திரை மையின் நிறத்துக்கு மாறியது. உர்சுலா எழுந்தாள்.

"அதுல சீல் இருக்கா மேடம்?"

"ஓம். 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' எண்டு வடிவாக் கிடக்கு."

"அப்போ வரேன் சார்."

மணி மூன்று. இதுவும் நிகழ்ச்சியின் ஓர் அங்கம் என்றெண்ணிச் சபை கைதட்டியது. செம்பவாங்கில் கோவில் மணி அடிக்கும்போது, மூச்சிரைக்க நின்ற உர்சுலாவின் கைகள் பிரிஜட்டின் தலையில் முக்காட்டைப் பொருத்திக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. கூட்டமாவது விஸ்வலிங்கமும் அந்தோனியும்.

"கேட்டப்பவே லீவு குடுத்திருந்தா இந்த வம்பே இல்ல சார்" என்றார் அந்தோனி.

"அது மேலோட்டமான தீர்வு, அந்தோனி. மூலகாரணத்தைப் பார்க்கவேணும். அவள் எழுதினது எங்க அகப்பட்டது?"

"பையில."

"பையே இல்லையெண்டால்?"

அந்தோனி குறிப்பேட்டில் 'பை இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனிப் பெண்கள் ஜீன்ஸில் பை இருப்பதுபோல் தோன்றும், இராது. மகிழ்ச்சி வாசகம் இடுப்புப்பட்டையில் அச்சிடப்படும். அதைத் திருப்பி எழுத இடமில்லை. முதல் நூறு பைகளைத் தைத்து மூடும் பொறுப்பு, தையல் சுத்தம் கருதி, உர்சுலாவிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே பெண்மணிகளே, புது ஜீன்ஸின் பையில் கையை விடப் போய் இரண்டு விரல்கூட நுழையாவிட்டால், தைத்தவளைக் கோபிக்காதீர்கள். தையலில் பிழையில்லை. அந்தப் பை வழியே ஒருத்தி உங்களுக்கு எழுதிவிடக் கூடாதே என்பதற்காக, அவள் கையாலேயே, மகிழ்ச்சியுடன் தைக்கப்பட்டது அது.