ஐந்து சரிகளும் ஒரு கஞ்சிப் பிழையும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சோம்பிக் கிடந்தது. மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், என் மேசையில் நிகழ்ந்தது. அதன் பெயர் 'கவனிக்க வேண்டியவை'.

அது ஒரு படிவம். மருந்து கொடுக்கும் நர்ஸ் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்டிருக்கும். கவனித்த பிறகு கட்டத்தில் 'சரி' போட வேண்டும். தொடக்கத்தில் அப்படித்தான் செய்துவந்தோம். போகப்போகத் தேர்ச்சி பெற்று, 'சரி' போட்டாலே கவனித்ததாக ஆகிவிடும் உயர்ந்த நிலையை எட்டினோம்.

என் பெயர் தமன்டானி. எங்கள் மொழியில் 'புகழுங்கள்' என்று அர்த்தம். கடவுளை நினைத்துப் பெற்றோர் வைத்த பெயர்; நான் அதை மேலதிகாரிகளுக்கும் சேர்த்து விரித்துக்கொண்டேன். பதினேழு வருட வேலையில் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, ஆவணமாகச் சொல்கிறேன்.

நர்ஸ் வேலைக்கு 'ஐந்து சரிகள்' அடிப்படை என்பது எல்லோருக்கும் தெரியும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தும் சரியாக இருந்தால் நர்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. நோயாளி சரியாக இருக்க வேண்டும் என்று இந்தப் பட்டியலில் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் மேட்ரன் திருமதி கம்வெண்டோ இதோடு நிற்கவில்லை. மருந்து வகைக்கு ஒரு குழு அமைத்தார். நாளமில்லாச் சுரப்பிக் குழு நீலத் தாளைத் தயாரித்தது. எலும்பு தசைக் குழு மஞ்சள் தாளைத் தயாரித்தது. இரண்டு குழுக்களும் ஒரே அறையில், ஒரே மேசையில், வேறு வேறு கிழமைகளில் கூடின.

இன்சுலினுக்கான நீலத் தாள் இப்படிச் சொன்னது: 'ஊசி போட்ட அரை மணிக்குள் நோயாளி கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும்.'

எலும்புத் தேய்மான மாத்திரைக்கான மஞ்சள் தாள் இப்படிச் சொன்னது: 'வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அதுவரை கண்டிப்பாக எதுவும் சாப்பிடக் கூடாது.'

ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தால் என்ன செய்வது என்று நான் கூட்டத்தில் ஒரே ஒரு முறை கேட்டேன்.

"இது என்ன கேள்வி, தமன்டானி?" என்றார் மேட்ரன். "ரெண்டையும் கவனிக்கணும்."

"ஒண்ணு சாப்பிடுங்குது, ஒண்ணு சாப்பிடாதேங்குதே, மேட்ரன்."

"அதனாலதான் ரெண்டு கலர்ல அடிச்சிருக்கோம்."

இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் 'எலும்புக்கு நண்பர்கள்' என்ற கடல் கடந்த சங்கம் எங்களுக்கு எட்டுப் பெட்டி மாத்திரை அனுப்பியது. வாரம் ஒரு மாத்திரை. எங்கள் மாவட்டத்தில் மாத்திரை வந்தால் விழுங்கிவிட முடியாது. முதலில் தொடங்கி வைக்க வேண்டும். பந்தல், நாற்காலி, ரிப்பன், கௌரவ விருந்தினர் திரு. ம்வாலே, அவர் கையால் முதல் மாத்திரை என்று எல்லாம் முடிவானது. விழுங்குவதற்கு ஓர் ஆள் மட்டும் பாக்கி.

என் வார்டில் எனெலேஸி இருந்தார். வயது அறுபத்து நான்கு. அடிபம்பு அருகே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு படுத்திருந்தார். எலும்பு தேய்ந்திருந்தது. சிரித்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருந்தார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தார் என்பது நீலத் தாளில் இருந்தது. தேர்வு செய்தது மஞ்சள் குழு.

எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஊசியும் அரசாங்கத்துடையது. சோறு, துணி துவைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் துணையாளுடையது. துணையாள் இல்லாமல் ஒரு நோயாளியும் வருவதில்லை. அவர்கள் பின்கட்டில் உள்ள கொட்டகையில் தங்கி, விறகடுப்பில் சமைத்து எடுத்து வருவார்கள். எனெலேஸிக்குத் துணையாள் அவர் தங்கை ஃபைனஸ். வாயாடி. நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டாலே, "வந்துட்டாங்கய்யா, எழுதறவங்க!" என்பாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வேன்.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுப்புப் புகை புகைப்படத்தில் விழும் என்பதால் கொட்டகை அடுப்புகள் அணைக்கப்பட வேண்டும். துணையாட்கள் எல்லோரும் காலை ஆறிலிருந்து பத்து வரை வாசலுக்கு வெளியே 'ஓய்வு' எடுக்க வேண்டும். அவர்கள் நலன் கருதி இந்த ஏற்பாடு.

விழா நாள். காலை ஏழு மணி. எனெலேஸிக்கு இன்சுலின் போட்டேன். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்து 'சரி'. நிமிடம் கூடத் தவறவில்லை.

ஏழேகாலுக்கு விருந்தினர் வந்துவிடுவார் என்று ஏற்பாடு. பந்தலில் ஒரு நாற்காலி போட்டு, புதுப் போர்வை விரித்து, எனெலேஸியை அதில் நிமிர்த்தி உட்கார வைத்தோம்.

ஏழு நாற்பதுக்கு அவர், "சிஸ்டர், பசிக்குது" என்றார்.

"இன்னும் மாத்திரை போடலையேம்மா. வெறும் வயித்துலதான் போடணும்."

"அப்ப மாத்திரையைக் குடுங்க."

"அதை ஐயாதான் குடுக்கணும்."

"ஐயா எங்க?"

"கிளம்பிட்டாராம்."

நான் தாளில் எழுதினேன்: 'நோயாளி பசி தெரிவித்தார். ஆறுதல் கூறப்பட்டது.'

எட்டு மணிக்கு அவருக்கு வேர்த்தது. எட்டேகாலுக்கு, மாவுக்கட்டு இல்லாத கை நடுங்கியது. இங்கே நீலத் தாளின் அருமையை நான் சொல்லியாக வேண்டும். 'கவனிக்க வேண்டியவை: வேர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம்' என்று அதில் முன்கூட்டியே போட்டிருந்தது. முதல் இரண்டையும் கவனித்தேன். இரண்டுக்கும் 'சரி' போட்டேன்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். பார்த்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த ஐந்து ரத்தச் சோதனைப் பட்டைகளும் 'எங்கள் நவீன வசதிகள்' என்ற மேசையில், நீல வெல்வெட் துணிமேல், விசிறி மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தால் விசிறி கலையும். குளுக்கோஸ் அலமாரிச் சாவி மேட்ரன் இடுப்பில், மேட்ரன் மேடையில்.

மேடைவரை போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"மேட்ரன், எனெலேஸிக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேர்த்துக் கொட்டுது."

"எனக்கும்தான் வேர்க்குது. ஐயா கார் வளைவு தாண்டிருச்சாம், போய் நில்லு."

"கொஞ்சம் கஞ்சி மட்டும்..."

"வெறும் வயிறுன்னு பேனர்லயே போட்டிருக்கோம், தமன்டானி. கடல் தாண்டி அந்தப் போட்டோ போகுது."

எனக்குப் பயமாக இருந்தது. எனெலேஸி செத்துவிடுவார் என்ற பயம் கொஞ்சம். மேட்ரன் என்ன சொல்வார் என்ற பயம் நிறைய. போய் என் மேசையில் உட்கார்ந்து, சில எழுத்து வேலைகளைப் பார்த்துவிட்டு, பிறகு அவர் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றேன்.

எட்டு நாற்பதுக்குத் திரு. ம்வாலே வந்தார். எலும்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். "எலும்புதான் இந்த நாட்டோட முதுகெலும்பு!" என்று அவர் முழங்கியபோது பந்தலே கைதட்டியது. பிறகு மாத்திரையை ஒரு தட்டில் ஏந்தி எனெலேஸியிடம் குனிந்தார்.

எனெலேஸி அவரை உற்றுப் பார்த்தார். "ஏண்டா, ஆட்டை ஏன் இன்னும் அவுத்து விடலை?" என்றார்.

கூட்டம் கைதட்டியது. 'ஏழைத் தாயின் வெகுளித்தனம்' என்று ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். நான் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். பேச்சில் குழப்பம். 'சரி'.

ஒன்பது மணி இரண்டு நிமிடம். மாத்திரை உள்ளே போனது. கேமரா பளிச்சிட்டது. இனி ஒன்பது முப்பத்திரண்டு வரை யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. மஞ்சள் தாளில் நேரத்தைக் குறித்தேன்.

அப்போது வாசலில் என்ன நடந்தது என்பதைக் காவலாளியின் எழுத்துமூல வாக்குமூலத்திலிருந்து தருகிறேன். ஃபைனஸ் விடியற்காலையிலேயே சந்தைப் பக்கம் யார் வீட்டு அடுப்பிலோ சோளமாவுக் கஞ்சி காய்ச்சி, வேர்க்கடலைப் பொடியும் சர்க்கரையும் போட்டு, மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து, மூன்று தடவை விரட்டப்பட்டிருக்கிறாள். 'கஞ்சிக்கு இன்று அனுமதி இல்லை.' நாலாவது தடவை டப்பாவை முதுகில் வைத்து, குழந்தையைக் கட்டுவது போல இடுப்புத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் ஊரில் முதுகில் குழந்தையோடு வரும் பெண்ணை எந்தக் காவலாளியும் நிறுத்துவதில்லை.

"பேரப்பிள்ளையா? தூங்குதா?"

"தூங்குது. சத்தம் போட்டு எழுப்பிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

காவலாளி கதவையும் திறந்துவிட்டு, 'குழந்தை' வெயிலில் வாடாமல் இருக்கத் தன் குடையையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

ஃபைனஸ் பந்தலுக்குள் குடையோடு நுழைந்தபோது எனெலேஸியின் தலை தொங்கிவிட்டிருந்தது. விருந்தினர் நன்றியுரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா! ஏய் அக்கா, என்னைப் பாரு!" என்று கன்னத்தில் தட்டினாள். "இவ இப்படி நனைஞ்சு கிடக்கா, எல்லாரும் நாற்காலி போட்டுப் பாக்கறீங்களா?"

"ஃபைனஸ், இன்னும் அரை மணி ஆகலை" என்றேன்.

"எதுக்கு அரை மணி?"

"மாத்திரைக்கு."

"ஊசி போட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"அது வேற தாள்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினேழு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு டப்பாவைத் திறந்து, சர்க்கரை கரைந்த கஞ்சியை விரலால் வழித்து, அக்காவின் உதட்டுக்குள் தடவினாள். முழுங்கு, முழுங்கு என்று தொண்டையை நீவினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். மேட்ரன் மேடையிலிருந்து எழுந்து நின்றார். கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். கால் மணியில் எனெலேஸி கண்ணைத் திறந்து, "இதுல உப்பே போடலையா?" என்று தங்கையைத் திட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அதைப் பதிவு செய்யப் படிவத்தில் இடமில்லை.

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே, விசாரணை இல்லாமல் போகுமா? வியாழக்கிழமை இரண்டு குழுக்களும் முதல் முறையாக ஒரே நாளில் கூடின. நீலக் குழு தன் தாளைப் பரிசீலித்தது: இன்சுலின் ஐந்து சரிகளோடும் போடப்பட்டிருக்கிறது, அறிகுறிகள் மூன்றும் கவனிக்கப்பட்டிருக்கின்றன. நர்ஸ் தமன்டானிக்குப் பாராட்டு. மஞ்சள் குழு தன் தாளைப் பரிசீலித்தது: ஒன்பது இரண்டுக்கு மாத்திரை, ஒன்பது பதிமூன்றுக்குக் கஞ்சி. பத்தொன்பது நிமிடம் குறைவு. மருந்துப் பிழை. பிழை செய்தவர்: துணையாள் ஃபைனஸ். பிழையின் வகை: கஞ்சி.

ஃபைனஸைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அந்தப் பிழை அறிக்கையில் அவள் கைநாட்டு வைக்க வேண்டும். நான்தான் அவள் கட்டைவிரலில் மை தடவினேன்.

"நான் தப்புப் பண்ணினேன்னு இதுல எழுதியிருக்கா, அம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார் மேட்ரன். "நீ மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு பிழையும் நடந்திருக்காது."

"எங்க அக்கா செத்திருப்பா."

"அதுக்கு வேற படிவம் இருக்கு."

மேட்ரன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தப் படிவம் அன்று காலை என் மேசையில்தான் இருந்தது. எனெலேஸி, அறுபத்து நான்கு, பெண்கள் வார்டு என்று எட்டரை மணிக்கே என் கையால் நிரப்பி வைத்துவிட்டேன். நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.