ஆள் விழுந்தால் கையை நீட்டு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் இடது காதுக்குள் இன்னும் கொஞ்சம் கடல் இருப்பதால் அப்படி எழுத மனசாட்சி இடம் தரவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் கடிதம்.

விஷயம் உங்கள் மருமகளை, அதாவது என் மகளைப் பற்றியது. அவள் பல் டாக்டர், கைராசிக்காரி, அவள் பிழைப்புக்கு வாய் கொப்பளிக்கிற தண்ணீரே போதும். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அப்பா, கடற்படையில ரிசர்வ் ஆபீசர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கேன், வார நாள்ல பல்லு, சனி ஞாயிறுன்னா கடல்” என்றாள். எடுத்த கவளம் என் கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமான புதிதில் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய், நான் கரையில் உட்கார்ந்து மொண்டு குளித்ததைப் பார்த்துவிட்டு, அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவர் நீங்கள்தானே. அப்படிப்பட்டவன் பெற்ற பெண் படகு ஓட்டப் போகிறாள் என்றால் நான் என்னத்தைச் சொல்வது.

முதலில் வீட்டுக்குக் கயிறு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடப் பழகணுமாம். கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கால், ஃப்ரிட்ஜ் கதவு என்று ஒன்று பாக்கியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் கண்ணயர்ந்திருந்தபோது என் பைஜாமா நாடாவிலும் ஒன்று போட்டுவிட்டாள். எவ்வளவு இழுத்தாலும் இறுகி நிற்கணும், வேண்டும்போது விரலால் தள்ளினால் அவிழணும், அதுதான் நல்ல முடிச்சு என்பாள். நான் எழுந்து அவசரமாகப் போன இடத்தில் என் விரலுக்கு அது அவிழவில்லை. உள்ளே நான் தவிக்கிறேன், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவள், “பதறாதீங்கப்பா, அந்த வளையத்தை முன்னாடி மடக்கித் தள்ளுங்க” என்று பாடம் நடத்துகிறாள். கடைசியில் என் மானத்தைக் காப்பாற்றியது உங்கள் தங்கை கதவிடுக்கு வழியாக நீட்டிய கத்திரிக்கோல்.

அடுத்து விளக்கு. கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்காம். மறக்காமல் இருக்க நம் வீட்டு நடைவழியில் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டாள். வந்தவர்கள் இது வீடா மருந்துக்கடையா என்று கேட்டார்கள். அதோடு விடவில்லை. நடைவழியில் எதிரும் புதிருமாக வந்தால் இருவரும் வலது பக்கம் ஒதுங்கணும், குறுக்கே வந்தால் தனக்கு வலது பக்கம் வருகிறவருக்கு மற்றவர் வழிவிடணும், வழிவிட வேண்டாதவர் வேகத்தையும் திசையையும் மாற்றவே கூடாது என்று ஒரு சட்டம். நான் கூடத்தை நோக்கிப் போகிறேன். சமையலறை என் வலது பக்கம். அங்கிருந்து உங்கள் தங்கை சூடான பால் பாத்திரத்தோடு வருகிறாள். சட்டப்படி வழிவிட வேண்டியவன் நான். செய்தித்தாள் படித்துக்கொண்டு நடந்ததால் கவனிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், ஆனால் திசையையும் மாற்றவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. கால் கொப்பளித்து உட்கார்ந்திருக்கிறேன், மகள் வந்து விசாரணை நடத்தி, “அப்பா மேலதான் தப்பு, அம்மா சரியாத்தான் வந்திருக்காங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தாயும் மகளும் சேர்ந்துகொண்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆள் விழுகிற ஒத்திகையைத்தான் பொறுக்க முடியவில்லை. படகிலிருந்து யாராவது தண்ணீரில் விழுந்தால், முதலில் பார்க்கிறவர் உடனே கையை நீட்டி விழுந்த ஆளைக் காட்டணும். அதன் பிறகு அவருக்கு வேறு வேலை கிடையாது. பேசக்கூடாது, திரும்பக்கூடாது, கண்ணை எடுக்கவே கூடாது. அலை நடுவில் ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியுமாம். கண்ணை எடுத்தால் ஆள் போனது போனதுதானாம். இதற்கு ஒத்திகையாக அவள் மாடியிலிருந்து ஒரு தலையணையைத் தெருவில் போட்டாள். உங்கள் தங்கை மாடிச் சுவரோரம் நின்று கையை நீட்டினாள், நீட்டியவள் நீட்டியவள்தான். கீழே தலையணை பழவண்டிக்காரர் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா, எதுக்கு என்னைக் காட்டறீங்க, நான் என்ன பண்ணேன்” என்றார். இவள் பேசக்கூடாதே. அவர் தராசைத் தூக்கிக் காட்டினார், சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டினார், தெருவே கூடிவிட்டது. இப்போது நம் வீட்டுக்கு மட்டும் அவர் எடையில் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை.

பயிற்சிப் படகில் தலையணைக்குப் பதில் ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள். ஆள் கனத்துக்குப் பஞ்சும் மணலும் அடைத்து, ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட பொம்மை. இந்தப் பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் இவள் போனில், “மாப்பிள்ளைக்கு ஒரு கால் போயிடுச்சு, என்னாலதான், அழுகையா வருது” என்று சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடினேன். விசாரித்தால் பரீட்சையில் தோற்றுவிட்டாள். ஆள் எந்தப் பக்கம் விழுகிறானோ, அந்தப் பக்கமே படகைத் திருப்பணுமாம். அப்போதுதான் பின்னால் சுழல்கிற விசிறி அவனை விட்டு விலகுமாம். பொம்மை வலது பக்கம் விழுந்தது, இவள் பதற்றத்தில் இடது பக்கம் திருப்பிவிட்டாள், விசிறி காலை அறுத்துவிட்டது. அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் கொடுப்பார்களாம். அதை விட்டால் அடுத்த அணி வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும், அதிகாரியாகவே ஆக முடியாது என்றாள். நல்லதாப் போச்சு என்று நினைத்தேன், வாய் விட்டுச் சொல்லவில்லை.

அந்த ஒரு வாய்ப்பு போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. குடும்பத்தாரும் படகில் ஏறிப் பார்க்கலாம் என்று அழைத்தார்கள். எனக்கு இஷ்டமில்லை. உங்கள் தங்கை லைஃப் ஜாக்கெட்டை என் தலை வழியாக மாட்டி, குழந்தைக்குப் போடுவதுபோல் வாரை இழுத்துக் கட்டிவிட்டாள். பரீட்சை வைக்க ஒரு பெரிய அதிகாரி, வெள்ளைத் தொப்பிக்காரர், சிரித்தே அறியாத முகம். எங்கள் பெண்ணுக்கு முன்னால் ஒரு பையனுக்குப் பரீட்சை நடந்தது. அதில் தையல் பிரிந்து, மாப்பிள்ளை தண்ணீர் குடித்து நேராக அடிக்குப் போய்விட்டார். வெள்ளைத் தொப்பி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பொம்மை இல்லாம பரீட்சை வைக்க முடியாது, ஆள் கனம் வேணும், அதுதான் விதி. மிச்சம் பேர் அடுத்த அணியோட பாத்துக்கலாம்” என்றார். மிச்சம் பேர் என்றால் இவள் ஒருத்திதான். “சரிங்க சார்” என்றாள். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை மறைக்கவில்லை.

பிறகுதான் அந்த விபத்து. படகு கரையை நோக்கித் திரும்பப் போகிறது, சுக்கான் இன்னும் அவள் பொறுப்பில். இடது பக்கம் வெயிலாக இருந்ததால் நான் வலது பக்கம் போய் நின்றேன். கண்ணாடியில் சாரல் தெறித்ததால் கழற்றி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். உப்புக்காற்று ஆகாது என்று கைக்கடிகாரத்தையும் கொடுத்தேன். செருப்பு வழுக்கும்போல் இருந்தது, அதையும் கழற்றி ஓரமாக வைத்தேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் கால் வழுக்கிவிட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது மூக்கு நிறைய உப்பு. பெற்ற மகள், “அப்பா” என்று ஒரு வார்த்தை கத்தினாளா? இல்லை. “வலது பக்கம் ஆள் விழுந்துட்டார்” என்றாள், ஏதோ அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற குரலில். எல்லோரும் ஓடுகிறார்கள், மிதவளையம் வருகிறது, கயிறு வருகிறது. கண்ணாடி இல்லாத எனக்கு எல்லாம் மங்கல். ஒன்றே ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது, நீட்டிய ஒரு கை. அது உங்கள் தங்கை. இத்தனை வருஷம் பேசிக்கொண்டே இருந்தவள் அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. படகு ஆடியது, அலை தூக்கியது, அந்தக் கை மட்டும் என்னை விட்டு அசையவில்லை. பயத்தில் நான் அதையே பார்த்துக்கொண்டு மிதந்தேன்.

பொம்மைக் காலை அறுத்த அதே பெண் படகைத் திருப்புகிறாள், நான் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டேன். படகு என் பக்கமே திரும்பியது. பின்புறம் என்னை விட்டு விலகிப் போனது. வட்டமடித்து மெல்ல வந்து பக்கத்தில் நின்றது, கொக்கிக் கம்பை ஜாக்கெட் வாரில் மாட்டி என்னைத் தூக்கினார்கள். மகள் வந்தாள், போர்வை சுற்றினாள், “வாயை நல்லாத் திறங்க” என்றாள், உள்ளே பார்த்தாள், “கடைவாயில சொத்தை இருக்குப்பா, செவ்வாய்க்கிழமை க்ளினிக்குக்கு வாங்க” என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுற்றிய போர்வையை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். வெள்ளைத் தொப்பி அவள் கையைக் குலுக்கி, தேறிவிட்டாய் என்றார். விழுந்தவனை யாரும் குலுக்கவில்லை.

ஆகவே மைத்துனர் அவர்களே, தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் உடனே கிளம்பி வந்து, இந்தக் கடல் எல்லாம் போதும், பல்லோடு நிறுத்திக்கொள் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அணிவகுப்பு, சீருடை, பதவி எல்லாம் கொடுத்துவிடுவார்களாம், அதற்கு முன் வாருங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். இந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை, குழாயைத் திறந்தாலே திடுக்கிடுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். எல்லோரும் தரையிலேயே நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈரம் இன்னும் காயாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். குறுக்கே பேசவில்லை, கீழே இடம் இருந்தது, எழுதுகிறேன். அன்றைக்கு இடது பக்கம் வெயிலே இல்லை, வானம் மூடிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் கண்ணாடிக் கடை நடத்திய மனுஷன், முகம் கழுவும்போதுகூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றாதவர், அன்றைக்குக் கழற்றி என் கையில் வைத்தார். விரல் சில்லென்று இருந்தது. “போன தடவை எந்தப் பக்கத்துல தப்பு பண்ணினா” என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். வலது பக்கம் போய் நின்றார். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. எனக்கும் அவள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை அண்ணா. அவளுக்கு இது தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். கண்டிக்க வேண்டாம், அணிவகுப்புக்கு வாருங்கள், இவர் அதற்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு என்னிடம் மறைக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு அந்த வெள்ளைத் தொப்பி ஐயா என்னிடம் தனியாக வந்து, “ஏம்மா, அவர் விழறதுக்கு முன்னாடியே உங்க கை எப்படி நீண்டுச்சு” என்று கேட்டார். “அவர் செருப்பைக் கழட்டினப்பவே நீட்டிட்டேன் சார்” என்றேன். அவர் போய், ஓரமாக இருந்த செருப்பை எடுத்துவந்து இவர் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனார்.