சாப்பாட்டு வாத்தியாரும் உப்பில்லாத மோரும்

உலகத்தில் கதை எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். கதைக்குள் இருக்கிறவனுக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சாப்பாட்டு வாத்தியார்தான்.

முதல் நாவல் வெளிவந்த சூட்டோடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் ஞாயிறுதோறும் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார். நான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன். இலக்கிய தாகம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கீழே பால் சுண்டுகிற வாசனைதான் காரணம் என்பது என் சட்டைப் பொத்தான்களுக்குத் தெரியும்.

முதல் வகுப்பில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் கதையை வாசித்தார். பனி, குண்டு, ரத்தம். எங்களுக்கெல்லாம் புல்லரித்துவிட்டது.

"நல்லாருக்கு. அவன் காலைல என்ன சாப்பிட்டான்?" என்றார் வாத்தியார்.

"சார், எதிரி சுட்டுக்கிட்டிருக்கான்!"

"சுடட்டும். என்ன சாப்பிட்டான்னே தெரியாத ஆளு செத்தா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன?"

அடுத்து நான். என் கதாநாயகி செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் காதலனை நினைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டாளா?"

"சோகம் சார். சாப்பிடலை."

"எம்புட்டு நேரமா?"

"மூணு பக்கமா."

"பாவம்யா! அந்தப் பிள்ளைக்கு ரெண்டு இட்லியாவது குடுங்க."

கொடுத்தேன். சட்னியைத் தொட்டதும் காதலனை மறந்துவிட்டாள். நான் எழுதியதில் உயிரோடு இருந்தது அந்தச் சட்னி மட்டும்தான்.

இப்படிப்பட்டவருக்குச் சோற்றாலேயே வினை வந்தது. அவர் நாவலில் ஒரு கல்யாணம். பொண்ணின் அண்ணன் பந்திக்குப் பந்தி உட்கார்ந்து வெட்டு வெட்டென்று வெட்டுவான். மீசை முதற்கொண்டு அது யாரென்று சொந்தபந்தமெல்லாம் கண்டுபிடித்துவிட்டது: வாத்தியாரின் மச்சினர், ராஜபாளையத்தில் போலீஸ் ஏட்டு. அன்றோடு போக்குவரத்து நின்றது.

அடுத்த மாதம் வாத்தியார் மகளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் காதுகுத்து. "எங்கண்ணன் மடியில்லாம எம் மக காதுல ஊசி படாது" என்று வாத்தியார் சம்சாரம் சொல்லிவிட்டார்.

"நீங்க அந்த ஊர்க்காரரு. செத்த பேசிப் பாருங்க" என்றார் வாத்தியார் என்னிடம்.

ஹெல்மெட் மாட்டியிருந்தாலும்கூடப் போலீஸைக் கண்டால் எனக்கு வியர்க்கும். போனேன். "அது நீங்க இல்லைங்கய்யா. எல்லாம் கற்பனை."

ஏட்டையா மீசையைத் தடவினார். "கற்பனைதான்! எந்தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு நான் சாப்பிடவே இல்லையே. பொண்ணு வீட்டுக்காரன் கடைசிப் பந்திலதானய்யா உக்காரணும்? அதுவரைக்கும் நின்னு பரிமாறுனேன். நான் உக்காரும்போது அண்டா காலி. ஒரு சொம்பு மோரு குடிச்சேன். ஊருல அம்புட்டுப் பேரையும் என்ன சாப்பிட்டன்னு கேக்காராமே எங்க மாப்பிள்ளை. என்னைய ஒரு வார்த்தை கேட்டாரா?"

வந்து சொன்னேன். வாத்தியார் முகம் செத்துவிட்டது. "மணமேடையில இருந்து பாத்தேன். எல்லாப் பந்தியிலயும் அவுக தலை தெரிஞ்சுச்சு. உக்காந்திருக்காகளா நிக்காகளான்னு பாக்கலையே."

உடனே கிளம்பிவிட்டார், நானும் கூடப் போனேன். ஏட்டையா வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் வெள்ளை நாய் எகிறி எகிறிக் குரைத்தது. ஏட்டையா அதை அடக்காமல் வேடிக்கை பார்த்தார். குரைப்புக்கு மேலே வாத்தியார் கத்தினார்:

"மச்சான்! அன்னைக்கு என்ன சாப்பிட்டீக?"

ஏட்டையா நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.

"மோரு."

"உப்பு இருந்துச்சா?"

யோசித்தார். "இல்லய்யா..." என்றவர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

காதுகுத்து நடந்தது. மாமன் மடியில் பிள்ளை போட்ட கூச்சல் மலையடிவாரம் வரை கேட்டிருக்கும். முதல் பந்தியில் ஏட்டையாவை உட்காரவைத்துவிட்டு, வாத்தியார் சாம்பார் வாளியைத் தூக்கினார். கடைசிப் பந்திவரை இறக்கவில்லை. அவர் உட்காரும்போது அண்டா காலி. முந்தைய இரண்டு பந்திகளில் நான் உட்கார்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். வாத்தியாருக்கு மோர் வந்தது. ஏட்டையா தன் கையாலேயே அதில் உப்புப் போட்டார்.

இன்றுவரை நான் ஒரு கதையும் எழுதி முடிக்கவில்லை. ஆனால் வகுப்பெல்லாம் முடிந்த பிறகும் ஞாயிறானால் வாத்தியாரிடமிருந்து போன் வந்துவிடும். எழுதினேனா என்று கேட்கமாட்டார். "காலைல என்ன சாப்பிட்டீக?" அவ்வளவுதான். என் வீட்டில் "இன்னும் எம்புட்டுத்தான் சாப்பிடுவீக" என்று கேட்பார்கள். என்ன சாப்பிட்டேன் என்று கேட்க எனக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.