ரீபண்டு ஆலோசனைக் குழு

ஜனநாயகம் பிறந்த இடம் எது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அது முழு வளர்ச்சி பெற்ற இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சங்கரசுப்பு வீட்டு முற்றம்தான் அது.

சங்கரசுப்பு காப்பீட்டு முகவர். கடைசியாக அவர் ஒரு பாலிசி பிடித்தது எந்த ஆண்டு என்பது ஆய்வுக்குரியது. வீட்டுச் செலவு என்ற ‘சில்லறை விஷயத்தை’ மனைவி இசக்கிச்செல்வி கவனித்துக்கொண்டாள். குருவிகுளம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினோரு வருடமாகக் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாலையில் நின்றுகொண்டே திரும்புகிறவள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வங்கிக் கணக்கில் இருபத்து மூவாயிரத்து நானூற்று எழுபது ரூபாய் வந்து விழுந்தது. அவள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வருமான வரியாம். ஊர்ப் பிள்ளைகளின் கணக்கையெல்லாம் திருத்துகிறவளுக்குத் தன் கணக்கைப் பார்க்க நேரமில்லை. ஆனால் குறுஞ்செய்தி போனது சங்கரசுப்புவின் போனுக்கு. ‘பாதுகாப்பு கருதி’ அவள் கணக்கில் அவர் நம்பர்தான் கொடுத்திருந்தது.

“ஏட்டி செல்வி, நமக்கு ரீபண்டு வந்திருக்கு!” என்று வாசலிலேயே மறித்தார். அவள் இன்னும் தோள்பையைக்கூட இறக்கவில்லை. பஸ்ஸில் நின்ற காலில் ஒரு குதி குதித்தாள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். தலைவர் சங்கரசுப்பு. மேலநீலிதநல்லூரிலிருந்து அவருடைய அண்ணன் பேச்சிராஜ் வந்தார், ஆடு வளர்க்கிறவர். நிதி ஆலோசகர் நண்பர் ராமசுப்பு. ஈமு கோழியில் பணம் போட்டு, பணமும் கோழியும் ஒரே நாளில் ஓடக் கண்ட அனுபவசாலி. இசக்கிச்செல்வி ‘சிறப்பு அழைப்பாளர்’. டீ போடும் பொறுப்பு அவளுடையது.

“ரெண்டு சினை ஆடு வாங்குவோம். ஆடு குட்டி போடும். ரூவா குட்டி போடுமா?” என்றார் பேச்சிராஜ்.

“பாங்குல போட்டா போடும் அத்தான்” என்றாள் கணக்கு டீச்சர். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

“கிரிப்டோல போடுவோம்” என்றார் ராமசுப்பு.

“அது என்ன தீவனம் திங்கும்வே?”

“தீவனமே திங்காது அண்ணாச்சி. போட்ட பணத்தைத்தான்…” ராமசுப்பு பாதியில் நிறுத்தி டீயைக் குடித்தார்.

தலைவரின் யோசனை பொதுநலம் சார்ந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல். அதன்மேல் இருபதடி பிளக்ஸில் கூப்பிய கையோடு அவர் படம். கீழே ‘தாகம் தீர்க்கும் தங்கம்’. மோருக்கு ஆயிரம், பிளக்ஸுக்கு ஒன்பதாயிரம்.

இசக்கிச்செல்வி டம்ளர்களைப் பொறுக்கியபடி கேட்டாள். “ஏங்க, பழைய ஸ்கூட்டி ஒண்ணு வாங்கலாமா? நின்னு நின்னு காலெல்லாம் வீங்குது.”

“ஒனக்கு ஓட்டத் தெரியாதுல்லா?”

“அதனாலதான் பழசு கேக்கேன்.”

கோரிக்கை ‘பரிசீலனைக்கு’ எடுத்துக்கொள்ளப்பட்டது. இதன் பொருளை அரசு ஊழியரான அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கூட்டத்தில் துணைக்குழு அமைந்தது. துணைக்குழு வாடகைக் கார் பிடித்துப் போய் ஆடுகளை நேரில் பார்வையிட்டது. திரும்பும் வழியில் ஆட்டின் தரத்தை உறுதிசெய்ய மூன்று பிளேட் மட்டன் பிரியாணி சாப்பிட்டது. கார் வாடகையையும் பிரியாணிச் செலவையும் ரீபண்டிலிருந்தே ஈடுகட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

சனிக்கிழமை மூன்றாவது கூட்டம். கூட்ட ஒழுங்கு கருதித் தலைவர் தன் போனை அணைத்து வைத்திருந்தார். இறுதி முடிவு: பத்தாயிரத்துக்குப் பந்தல், மீதிக்கு ஆடு. “பணத்தை எடுத்துட்டு வரச் சொல்லணும். செல்வியை எங்க காணோம்?” என்றார் தலைவர்.

அப்போது தெருமுனையில் விடாத ஹாரன் சத்தம். நீல நிற ஸ்கூட்டி ஒன்று பாம்பு போல நெளிந்து நெளிந்து வந்தது. ஓட்டியவள் இசக்கிச்செல்வி. பின்னால் சக டீச்சர் ரிஸானா இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி, “பிரேக்கு டீச்சர், பிரேக்கு!” என்று கத்திக்கொண்டு வந்தாள். வண்டி வாசலைத் தாண்டி முற்றத்தில் ஏறியது. நிதி ஆலோசகர் கிணற்றடிக்கு ஓடினார். பேச்சிராஜ் தூணைக் கட்டிக்கொண்டார். தலைவர் எழுந்த அடுத்த நொடியில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி வண்டிக்கடியில் போனது.

இசக்கிச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டே வீடு வந்து சேர்ந்திருக்கிறாள்!

“இருபத்து மூவாயிரத்துக்கு முடிச்சேன். மிச்சத்துக்கு பெட்ரோல்” என்றாள்.

சங்கரசுப்பு நாற்காலியின் உடைந்த காலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். “குழு உக்காந்து பேசிக்கிட்டிருக்கு. நம்ம பணத்தை நீ யாரைக் கேட்டுட்டி செலவழிச்ச?”

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“மாசாமாசம் எஞ்சம்பளத்துல பிடிச்சாகளே, அதுக்கு ஒரு கூட்டம் போட்டியளா? போகும்போது அது என் வரி. திரும்பி வந்தா மட்டும் நம்ம பணமாக்கும்?”