ஹாஸ்கின்ஸ் சமையலறையில் ஜெத்ரோ டில்மன்

கார்வர் துறை,
அக்டோபர் 9, 1967

பட்டர்நட் மாவட்ட முன்னோடிக் குடும்பங்களின் நூற்றைம்பதாண்டு மலருக்கு ஆசிரியராக இருந்து அல்லல்படும் திருமதி வெர்னா ஸ்டாடர்ட் அவர்களுக்கு,

ஆர்லோ டில்மன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இடது முழங்கால் நீங்கலாக நான் நலம். தங்கள் மூட்டுவலியும் தங்கள் கணவரின் தேனீக்களும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

குடும்பத்துக்கு முந்நூறு வார்த்தை என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆயிரத்து நூறு அனுப்பினேன். அதைத் திருப்பி அனுப்பி, மேலே சிவப்புப் பென்சிலால் “ஆதாரம்?” என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த ஆற்றங்கரையில் முதலில் குடியேறியது டில்மன் குடும்பம்தான், 1818-இல், என்று என் தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொல்லி வருகிறேன். இல்லை, நாங்கள்தான் என்று ஹாஸ்கின்ஸ் குடும்பம் சொல்லி வருகிறது. இதற்காக இரண்டு குடும்பமும் தேவாலயத்தில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்ததும், ஒரு ஹாஸ்கின்ஸ் பாட்டை நடத்துகிறார் என்பதற்காக என் தாத்தா பதினான்கு வருடம் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்ததும் தாங்கள் அறிந்ததே. நான் முப்பத்தொரு வருடம் இந்தப் பக்கத்துத் தபால்காரன். ஐடெல்லா ஹாஸ்கின்ஸின் கேட்டோரப் பெட்டியில் தினமும் கடிதம் போட்டிருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே ஒரு காலடி வைத்ததில்லை. இத்தனைக்கும் ஒரே அறையுள்ள பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

எங்கள் முப்பாட்டன் ஜெத்ரோவின் கல்லறைக் கல்லில் வருடம் பொறித்திருந்ததாம்; அதற்குக் கீழே பாதிக் கல் மண்ணில் புதைந்திருந்ததாம். அந்தக் கல்லை 1913-ஆம் வருட வெள்ளம் பழைய கல்லறைத் தோட்டத்தோடு கொண்டுபோய்விட்டது. சரி, அவர் கட்டிய மரக்குடிலின் அடிக்கல்லாவது கிடைக்குமா என்று போன செவ்வாய்க்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். ஆறு நாம் பார்த்த இடத்தில் இல்லை, வெர்னா அவர்களே. சிப்பி ஓட்டில் சட்டைப் பொத்தான் செய்த ஆலைக்காக நாம் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் சிப்பி பொறுக்கிய இடத்தில் இப்போது சோளம் நிற்கிறது. சோளம் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. கோடையெல்லாம் சிப்பி வேகவைக்கும் அந்த நாற்றம், அதையும் மீறி நாம் சிரித்த சிரிப்பு, உங்கள் அண்ணன் வால்டோ முத்து கிடைத்துவிட்டது என்று கத்தி எல்லாரையும் ஓடவைத்து உள்ளங்கையில் தன் உடைந்த பல்லைக் காட்டியது, இதையெல்லாம் நினைத்துக்கொண்டு விளிம்பில் நின்றேன் பாருங்கள், கரை அப்படியே சரிந்துவிட்டது. இடுப்பளவு சேற்றில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து டிராக்டர் சத்தம் கேட்டது. வந்தது ஐடெல்லா. அவள் அவசரமே படாமல் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏன் ஆர்லோ, உன்னை வெளிய இழுக்கட்டுமா, இல்ல இங்கயும் நீதான் முதல்ல குடியேறினேன்னு எழுதிக்கப் போறியா?”

கயிறு கட்டி இழுத்தாள். முழங்கால் போனது அப்போதுதான். அந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போகமுடியாது என்று தன் சமையலறைக்கே கூட்டிப்போனாள். நடுவில் பெரிய மேசை, மேலே பலகைக்குப் பதில் வழவழவென்று வெள்ளைச் சலவைக்கல், அதில் கொட்டி ஆறவைத்த வேர்க்கடலை மிட்டாய். வாசனை வந்ததும் எனக்குப் பத்து வயது ஆகிவிட்டது. அவள் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தேவாலயத்துக்குச் செய்து கொண்டுவருவாரே, அதே மிட்டாய். ஹாஸ்கின்ஸ் வீட்டுப் பண்டம் வாயில் படக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து தின்றுவிட்டு மீசை இல்லாத உதட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வருவேன். அதை நினைத்தபடியே பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன். கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்து தெரிந்தது. கழுத்தை இன்னும் திருப்பினேன். டில்மன் என்று இருந்தது.

“மேசைக்கடியில என்ன தேடுற?” என்றாள்.

“எங்க முப்பாட்டன் இங்க இருக்காரு, ஐடெல்லா.”

“தெரியும். அம்பத்து நாலு வருஷமா இருக்காரு. தொந்தரவே கிடையாது.”

கோபத்தில் எழுந்தேன்; மேசை தலையில் இடித்தது. அவள் ஈரத்துணி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னாள். வெள்ளம் வடிந்ததும் அவள் அப்பா ஈபன் தன் வயல் சேற்றில் இந்தக் கல்லைப் பார்த்து, இரண்டு கோவேறு கழுதை பூட்டி இழுத்து வந்திருக்கிறார். எடுத்துப் போங்கள் என்று சொல்ல எங்கள் வீட்டுக்கு மூன்று முறை நடந்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. கல்லை வெளியே போட்டால் மாடு மிதிக்கும், பெயர் தேயும் என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பி உள்ளே வைத்துவிட்டார்.

வெர்னா அவர்களே, அந்த மூன்றாவது முறை கதவுக்கு உள்பக்கம் நின்றவன் நான்தான். எனக்குப் பதினாலு வயது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான், நான் ஊரில் இல்லை என்று சொல் என்றார் தாத்தா. சொன்னேன். “சரிப்பா, அப்புறமா வரேன்” என்று ஈபன் சொன்னதும், சேற்றுச் செருப்பைப் படியில் துடைத்துவிட்டுப் போனதும் இன்றும் காதில் இருக்கிறது. இதை ஐடெல்லாவிடம் சொன்னேன். அவள் ஒரு துண்டு மிட்டாயை உடைத்து என் கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரும் அவள் அண்ணன் பிள்ளைகள் மூவருமாகக் கல்லைத் திருப்பினார்கள். பெயருக்குக் கீழே சேறு இறுகி, இதுவரை யாரும் படிக்காத வரிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நானே தேய்த்தேன். இருந்தது இதுதான்: “ஜெத்ரோ டில்மன். 1818 ஏப்ரலில் இக்கரை வந்தார். அன்று அவரைத் தன் படகில் ஏற்றி இறக்கிய சைலஸ் ஹாஸ்கின்ஸ், நண்பனுக்காக நட்ட கல்.”

படகோடு நின்றவன் முன்னமே வந்தவனாகத்தானே இருக்கவேண்டும். நான் இரண்டு முறை வாசித்தேன். பாதிரியார் இருமினார். எல்லாரும் போனபிறகு ஐடெல்லா சொன்னாள்: “அவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே இங்க மயாமிப் பழங்குடி ஜனங்க இருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் முந்நூறு வார்த்தை கேக்கல.” அதையும் மலரில் தாங்கள் போடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே என் ஆயிரத்து நூறு வார்த்தையையும் கிழித்துப் போடுங்கள். முதல் பக்கத்தில் ஹாஸ்கின்ஸ் குடும்பம் வரட்டும். நீதிமன்றப் புல்வெளியில் வைக்கப்போகும் பித்தளைப் பலகையிலும் அவர்கள் பெயரே முதலில் இருக்கட்டும். டில்மன் குடும்பத்துக்கு எங்காவது ஓர் ஓரம் போதும். இதைச் சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகியிருக்கிறது. இந்த முடிவை இனி யார் வந்து சொன்னாலும் மாற்றமாட்டேன்.

தங்கள் மூட்டுகளுக்கும், மலருக்கும், தேனீக்களுக்கும் எல்லா நலமும் வேண்டி,

ஆர்லோ டில்மன்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் ஐடெல்லா தொலைபேசியில் கூப்பிட்டாள். டில்மன் பெயரைத்தான் முதலில் போடவேண்டும் என்று நேற்றே தங்களுக்கு எழுதிவிட்டாளாம். கல்லில் வருடம் உள்ளது ஜெத்ரோவுக்கு மட்டும்தான், சைலஸ் வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று என்னையே கேட்கிறாள். விட்டுக்கொடுக்க நான் முந்திக்கொண்டேன் என்றேன். இல்லை, நான்தான் முந்தினேன் என்கிறாள். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டாள். இந்தப் பிடிவாதம் ஹாஸ்கின்ஸ் ரத்தத்திலேயே இருக்கிறது. நாளை நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன். வேர்க்கடலையும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். அதுவரை தயவுசெய்து எதையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.