ஒரு வார்த்தை சொல்லி வைத்தால்

"அப்பா, யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க. நாளைக்கு இன்டர்வியூ பண்ற ப்ரொஃபசருக்கு சிபாரிசுன்னாலே ஆகாதாம்" என்றாள் மிருதுளா.

சத்யநாராயணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். முந்தின நாளே சொல்லி வைத்தாயிற்று. கேஸ் சிலிண்டருக்கே ஆள் பிடித்துச் சொல்லி வைக்கிறவர் அவர். எலி மூளையில் ஞாபகம் எங்கே தங்குகிறது என்று தேடியே டாக்டர் பட்டம் வாங்கிய மகள், இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். இப்போது பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி வேலை, ஒரே ஓர் இடம். இதுவும் போனால் பெருங்களத்தூர் டியூஷன் சென்டர்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். மனுஷர் சும்மா இருப்பாரா?

பக்கத்து வீட்டு ஜெரோமிடம் ஓடினார்.

"சார், நேத்து சொன்ன சிபாரிசு வேண்டாம். நிறுத்திடுங்க."

"ஐயோ, யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரார் எங்க சர்ச் செக்ரட்டரியோட மச்சானாச்சே! அப்பவே ப்ரொஃபசர்கிட்ட பேசிட்டாரே!"

"அப்ப வாபஸ் வாங்கிடுங்க."

ஜெரோம் நல்ல மனிதர். உடனே வாபஸ் வாங்கினார். மத்தியானம் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"ரெஜிஸ்ட்ராருக்குக் கோபம் சார். 'பொண்ணுகிட்ட ஏதோ கோளாறு, ஜாக்கிரதை'ன்னு ப்ரொஃபசர்கிட்ட சொல்லிட்டாராம்."

சத்யநாராயணன் நேரே மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனார். வாசலில் பூ விற்கும் கன்னியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

சொன்னார்.

"இதுக்கா பேஜார் ஆவுற? மந்திரியோட பி.ஏ. நம்ம கையாலதான் மாலை வாங்கிக்கினு போறாரு. ஒரு வார்த்தை போட்டு வெக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மகளின் பெயரும் இனிஷியலும்தான் வெளியே வந்தன.

மறுநாள் இன்டர்வியூ முடிந்து மிருதுளா கொதித்துக்கொண்டு வந்தாள்.

"மூளையைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. 'உங்க அப்பா என்ன பண்றார்?'னுதான் கேட்டார். தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர்னேன். நம்பாம சிரிச்சுக்கிட்டே அட்ரஸ் வாங்கிக்கிட்டார். என்னப்பா பண்ணித் தொலைச்சீங்க?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் அழுதுவிட்டாள். சத்யநாராயணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு நின்றவரைப் பார்த்து மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, ப்ரொஃபசர் ராகவேந்திரா!"

சத்யநாராயணன் கைகூப்பினார். "தப்பு என்னோடது சார். குழந்தை மேல கோபப்படாதீங்க."

"கோபமா? ரெண்டே நாள்ல ரெஜிஸ்ட்ராரையும் மந்திரி பி.ஏ.வையும் பேச வெச்ச ஆளு சார் நீங்க!" ப்ரொஃபசர் ஸ்வீட் பாக்ஸை அவர் கையில் திணித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்டர்வியூ சும்மா பேருக்குத்தான். ப்ராஜெக்டையே இந்த மாசத்தோட மூடறாங்க, என் வேலையும் போகுது. எனக்கு எங்கயாவது ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."